லைஃப் ஜாக்கெட்டில் நான் அடைத்தது

ஏரிப் படகுகளுக்கு நான் தைத்துக் கொடுத்த பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டில் ஐந்தில் மில் கழிவுப் பஞ்சைக் கலந்திருந்தேன். அந்த ஐந்தில் ஒன்றைப் போட்டிருந்த ஒரு பெண் தண்ணீரில் விழுந்தாள். ஜாக்கெட்டே அவளைக் கீழே இழுத்தது. நீ குதித்து அவளைக் கரை சேர்த்தாய். பழி உன் மேல் விழுந்தது. அதை உன் பக்கம் தள்ளிவிட்டவன் நான். நடந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இன்று கடைக்குப் பின்புறம் கொடியில் நேற்று நனைந்த ஒரு ஜாக்கெட் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நனைந்த கித்தானுக்கு ஒரு வாடை உண்டு. பாதி சாக்கு வாடை, பாதி ஏரிப் பாசி வாடை. கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் அந்த வாடை வந்ததும் எழுந்து பின்பக்கம் போய் நின்றேன். நீ என் கடைக்குள் நுழையும்போதெல்லாம் உனக்கு முன்னால் அந்த வாடைதான் நுழையும். "நானா இருக்கீங்களா?" என்ற குரல் அதற்குப் பிறகுதான் வரும். ஊரே என்னைப் பாய் என்று கூப்பிட, நீ ஒருவன்தான் நானா என்பாய். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கடைக்காரரை அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய் என்று சொன்னாய். அண்ணன் என்று அர்த்தமாம். அர்த்தம் தெரிந்த பிறகும் அந்தச் சொல்லுக்குத் தகுந்த மாதிரி நான் நடக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் நீ குடும்பத்தோடு கொடைக்கானலுக்கு வந்தபோது உனக்குத் தெரிந்த வேலை கொழுந்து பறிப்பதும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதும். இங்கே உனக்குக் கிடைத்தது துடுப்பு. ஏரியில் பத்துப் பன்னிரண்டு படகு விட்டிருந்த ஒரு குத்தகைக்காரரிடம் சேர்ந்தாய். சிலோன்காரன் துடுப்புப் போட்டால் படகு ஆடாது என்று டூரிஸ்டுகள் தேடி வந்து ஏறும் அளவுக்கு இரண்டே சீசனில் பேர் எடுத்தாய். நானும் அப்போதுதான் பேர் எடுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு அடிக்கும் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக "மெத்தை அடிக்கிறது" என்று கத்தியவன், பஜாரில் சொந்தமாக மெத்தை, தலையணைக் கடை வைத்துவிட்டேன். ஆறு பெண்கள் தைத்தார்கள். அதில் மூன்று பேர் உன் ஆட்கள், உன்னோடு ஒரே கப்பலில் வந்தவர்கள்.

ஒருநாள் குத்தகைக்காரரின் சீட்டை நீதான் கொண்டுவந்தாய். இங்கிலீஷில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: லைஃப் ஜாக்கெட், பன்னிரண்டு. தெரியாது என்று சொல்வது எனக்குப் பழக்கமில்லை. "செஞ்சுரலாம்" என்றேன். ஆனால் தையல் மிஷினில் இருந்த மாரியாயி விடவில்லை.

"முதலாளி, ஜாக்கெட்டுனா யாரு அளவுக்கு? முன்னால ஊக்கா, பின்னால ஊக்கா?"

பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாததைப் பெண்களுக்குச் சொல்வது மாதிரிச் சொன்னாய். அந்த நாகரிகத்தை நான் அன்றைக்கே கவனித்தேன்.

"ரவிக்கையும் இல்ல, குளிருக்குப் போடுற கோட்டும் இல்ல மாரியாயி. தலைமன்னார்ல இருந்து வரயில கப்பல்ல ஒருத்தர் போட்டுக் காட்டுனாரே, மறந்துட்டியா? கழுத்துல மாட்டி இடுப்புல நாடா கட்டுறது. நெஞ்சுல ரெண்டு பை, முதுகுல ஒரு பை. உள்ள பூரா பஞ்சு. தண்ணியில விழுந்தா நீ மொதக்க வேணாம், அது உன்ன மொதக்க வைக்கும்."

"பஞ்சு மொதக்குமா?" என்று நான் கேட்டேன். பஞ்சு வியாபாரி கேட்கிற கேள்வியா அது!

"பருத்தி மொதக்காது நானா, தண்ணியக் குடிச்சிரும். இலவம்பஞ்சு குடிக்காது. அதுல ஒரு மெழுகு இருக்காம். கப்பல்காரர் சொன்னாரு. சுத்த இலவம்பஞ்சு மட்டுந்தான் நானா, வேற ஒண்ணும் சேரக் கூடாது. வெளங்குதா?"

விளங்கியது. எனக்கு விளங்கவில்லை என்று பின்னால் சொல்லித் தப்பிக்க வழியே இல்லாதபடி விளக்கியிருந்தாய்.

முதலில் ஒன்று தைத்தோம். பாச்சலூர்ப் பக்கம் இருந்து வந்த இலவம்பஞ்சு, விதை நீக்கியது, வெள்ளைவெளேர் என்று. கித்தானைக் காவி நிறத்தில் முக்கித் தைத்தாள் மாரியாயி. குத்தகைக்காரர் வந்து அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பாய், காத்த அடைச்சு வச்சிருக்கீரா? ஒரு கனமும் காணோமே!"

எங்கள் தொழிலில் இந்தப் பேச்சு தினமும் கேட்பதுதான். சுத்த இலவம்பஞ்சுத் தலையணை பூப்போல இருக்கும். வாங்க வருகிறவர் தூக்கிப் பார்த்து ஏமாற்றுகிறான் என்று நினைப்பார். அதனால் நடுவில் கொஞ்சம் மில்லில் மிஞ்சும் பருத்திக் கழிவுப் பஞ்சை வைத்து, சுற்றிலும் இலவம்பஞ்சு அடைப்போம். கைக்குக் கனம் வரும், தலைக்கு மெத்தென்று இருக்கும். இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. பெண்களிடம், "நடுவுல கனம் வைங்கம்மா" என்று சத்தமாகவே சொல்வேன்.

ஏழு ஜாக்கெட் ஆனதும் இலவம்பஞ்சு தீர்ந்தது. கீழ்மலையில் மழை, லாரி ஏறவில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டது. சீசன் தொடங்கும் முன் ஜாக்கெட் வேண்டும் என்று குத்தகைக்காரர் ஆள் மேல் ஆள் விட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மதுரையில் வேறு கடைக்குப் போய்விடுவார் என்று பயந்தேன். கனம் கேட்டவர் அவர்தானே என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் பெண்கள் எல்லாரும் போன பிறகு, மீதி ஐந்து ஜாக்கெட்டின் பைகளிலும் கழிவுப் பஞ்சை நானே என் கையால் அடைத்தேன். மேலாக மட்டும், வாய்ப்பக்கம், இலவம்பஞ்சு வைத்தேன். மறுநாள் மாரியாயி பைகளின் வாயைத் தைத்தாள்.

தலையணைக்குச் சத்தமாகச் சொல்லிக் கலக்கிறவன், இதை ஏன் ஆள் போன பிறகு கலந்தேன்? இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அந்தச் சாயங்காலமே தெரியும்.

நீ வாங்கிப்போக வந்தாய். "சுத்தந்தானே நானா?"

"எங்கிட்டயே கேக்குறியா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ சத்தியம் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. ஆனால் ஒன்று சொன்னாய்: "ஒண்ணத் தண்ணியில போட்டுப் பாத்துருவோம்." அது சரியான பேச்சு. நான் உடனே, "தாராளமா!" என்று கட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தேன். நல்ல ஏழில் ஒன்று அது. எது எது என்று எனக்குத் தெரியும். நாடாவின் முடிச்சில் அடையாளம் வைத்திருந்தேன். உன் கையை எடுக்க விடாமல் என் கை முந்தியது.

அதைப் போட்டுக்கொண்டு நீயே படகுத்துறையில் இறங்கினாய். அந்தக் குளிரில் அரை மணி நேரம் கையைக் காலை ஆட்டாமல் மல்லாந்து கிடந்தாய். பற்கள் அடிக்க அடிக்கச் சிரித்தாய். "நானா, கப்பல் ஏறுன நாள்ல இருந்து இன்னைக்குத்தான் ஒடம்பு லேசா இருக்கு!" கரையில் நின்ற நான் கை தட்டினேன். அந்தக் கைதட்டல் இப்போதும் என் காதில் விழுகிறது.

கொஞ்ச நாளில் ஏரி முழுக்க ஜாக்கெட் என்ற சொல் புழங்கியது. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உன் கைக்கு வந்தது. "ஜாக்கெட் போடுங்க சார், ஜாக்கெட் போட்டாத்தான் துடுப்ப எடுப்பேன்" என்பாய் நீ. போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றிச் சிலர் பலகையில் வைத்து அதன் மேல் உட்காருவார்கள். மற்ற படகுக்காரர்கள் அதை மெத்தை என்றுதான் சொன்னார்கள். "பாய் கடை மெத்தை, குந்துறதுக்குச் சொகம்" என்று கேலி. உனக்குக் கோபம் வரும். "அதுக்குப் பேரு லைஃப் ஜாக்கெட். லைஃபுன்னா உசுரு. உசுர எழுதி வச்சுட்டா அது குந்துற சாமானா?" என்று ஒருநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கத்தினாய். நான் டீயை வாயில் வைத்தபடி தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

மே மாதம் ஒரு மத்தியானம். காற்றும் மூடுபனியும் ஒன்றாக வந்தன. மதுரையிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தாங்களே துடுப்புப் போட்டுக்கொண்டு கரைக்குப் பக்கத்திலேயே அல்லி படர்ந்த இடத்துக்குப் போயிருந்தார்கள். அல்லிப் பூவைப் பறிக்க அந்தப் பெண் எழுந்து நின்றாள், படகு சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். நான் அன்று குத்தகைக்காரரைப் பார்க்க ஏரிக்கரைக்கு வந்திருந்தேன். காவி நிறம் தண்ணீரில் தெரிந்தது. ஜாக்கெட் போட்டிருக்கிறாள், பயமில்லை என்று கரையில் ஒருவர் சொன்னார். நான் மட்டும் அவள் நாடாவின் முடிச்சைத் தேடினேன். முதலில் மிதந்தாள். பிறகு தோள் முங்கியது. பிறகு வாய். ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

நீ வேறு படகில் பக்கத்தில் இருந்தாய். குதித்தாய். நீந்திப் போய் என்ன செய்தாய் தெரியுமா? அவள் ஜாக்கெட்டின் நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்துக் கழற்றி எறிந்தாய். அதைக் கழற்றினால்தான் அவளைத் தூக்க முடியும் என்று உனக்குத் தண்ணீரில் தெரிந்துவிட்டது. உயிர்ச் சட்டை என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் போடவைத்த நீயே, அந்த உயிரைக் காக்க அதை உன் பல்லாலேயே கடித்து எறிய வேண்டியிருந்தது.

அவள் பிழைத்தாள். தண்ணீரை வாந்தி எடுத்து, அழுது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு புருஷனோடு போனாள். அதற்குப் பிறகுதான் விசாரணை. அல்லிக் கொடியில் சிக்கிக் கிடந்த அந்த ஜாக்கெட்டைத் துடுப்பால் இழுத்துக் கரையில் போட்டார்கள். குத்தகைக்காரர் காலால் புரட்டினார்.

"ஏலே, கல்லு மாதிரி கெடக்கு! ராப்பூரா படகுலயே போட்டு மழையில ஊற விட்டியா?"

"இல்ல மொதலாளி. தெனமும் கொட்டகையில தொங்கவிட்டுத்தான் போறேன்."

நீ குனிந்து ஜாக்கெட்டை எடுத்தாய். தையல் விட்டிருந்த இடத்தில் விரலை நுழைத்தாய். சாம்பல் நிறத்தில், ஈரக் களிமண் மாதிரி, கழிவுப் பஞ்சு வந்தது. அதைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். குத்தகைக்காரருக்குப் பஞ்சும் தெரியாது, நிறமும் தெரியாது. அந்த இடத்தில் அது என்ன என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீரு சொல்லும் பாய். பஞ்சு உமக்குத் தெரியாததா?"

நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால்கூட இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்திருக்கும். நான் திறந்தேன். "எந்தப் பஞ்சும் தொடர்ந்து ஈரத்துல கெடந்தா செத்துப்போகுங்க. காய வச்சிருக்கணும்" என்றேன். தொழில் தெரிந்தவன் குரலில், நிதானமாக, வருத்தப்படுகிற மாதிரிச் சொன்னேன்.

நீ விரலில் இருந்த பஞ்சை வேட்டியில் துடைத்துக்கொண்டாய். துடுப்பைக் கொட்டகையில் சாய்த்து வைத்துவிட்டு, நனைந்த உடம்போடு மேட்டில் ஏறிப் போனாய். அன்றோடு ஏரியில் உன் வேலை முடிந்தது. ஜாக்கெட்டைப் பாழாக்கி ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தவன் என்று பேரும் ஆனது. அந்தப் பேரோடு வேறு எந்தப் படகுக்காரரும் உன்னைச் சேர்க்கவில்லை. நீ பூம்பாறைக்குப் போய்ப் பூண்டுக் காட்டில் தினக்கூலிக்கு நின்றாய் என்று மாரியாயி சொல்லித்தான் தெரிந்தது.

மீதி நான்கையும் நான் பழுது பார்ப்பதாகச் சொல்லி அன்றைக்கே வாங்கி வந்து பிரித்து, சுத்தப் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். பாய் மாதிரி பொறுப்பான ஆள் இல்லை என்று குத்தகைக்காரர் புகழ்ந்தார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

உன்னைப் பார்க்க வர எனக்கு ஒரு வருஷம் ஆனது. பூம்பாறை பஸ்ஸில் ஒரு புதுக் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படிப்படியாக இறங்கும் காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தாய். ஏரி வாடை போய் உன் மேல் பூண்டு வாடை ஏறியிருந்தது.

"வாங்க நானா" என்றாய். அப்போதும் நானா.

"கடைக்கு வந்துருப்பா. மேற்பார்வை வேலை. நாளைக்கே வா."

"வேணாம் நானா. இங்க முங்குறதுக்கு ஒண்ணும் இல்ல. நிம்மதியா கெடக்கு."

கம்பளியை நீட்டினேன். நீ கையில் வாங்கி, நிறுத்துப் பார்ப்பது மாதிரித் தூக்கிப் பார்த்தாய். "இதுல ஒண்ணும் அடைக்கலையே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கே ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா என்ன ஆகும்? உங்க கடையப் பூட்டுவாங்க. ஆறு பொம்பளைக்குச் சோலி போகும். மூணு எங்க ஆளுங்க. எனக்கு ஒருத்தனுக்குப் போச்சு, கணக்குல அதுதான் கம்மி."

"நான் போய் இப்பச் சொல்லிர்றேன். வெரசாப் போனா மூணு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

நீ பூண்டுக் கட்டைக் கீழே போட்டாய். அதுவரை என் மேல் நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "சொல்லிட்டா உங்களுக்கு எறங்கிரும் நானா, எனக்கு ஏறும். தெரிஞ்சும் வாய மூடி நின்னவன்னு என்னயும் சேத்துத்தான் கதைப்பாங்க. நான் உசுரோட இருக்கயில நீங்க அதப் பத்தி வாய தொறக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்டுட்டுப் போற சாமானா இது? செய்யிறதுக்கு வேற இருக்கு."

அந்தக் காட்டு வரப்பில் உட்கார்ந்து நாம் பேசி முடித்தோம். நான் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூடத் தாழ்த்தாமல் எதிராளி சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டது அன்று ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் நீ பூம்பாறையிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாய். கடைக்குள் வந்து ஜாக்கெட் கட்டைப் பிரித்து, நடுவில் இருந்து, அடியில் இருந்து, உன் இஷ்டத்துக்கு ஒன்றை உருவுவாய். நான் பக்கத்தில் வரக் கூடாது. ஏரிக்குப் போவோம். நான் இறங்குவேன், நீ கரையில் நிற்பாய். முதல் வருஷம் குளிரில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "எப்படி இருக்கு நானா?" என்று கேட்டாய். "லேசா இருக்கு" என்றேன். நீ கை தட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாய். கரையில் போகிறவர்கள் பாய்க்குக் கிறுக்கு என்றார்கள். சரக்கைத் தன் உடம்பில் போட்டுச் சோதிக்கும் வியாபாரி என்று பிறகு அதுவே எனக்குப் பேராகி, நாலு ஊரிலிருந்து ஆர்டர் வந்தது. அந்த லாபத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. உனக்குச் செய்த துரோகத்துக்கு நான் கட்டிய தண்டமும் எனக்கே வரவாக வந்து விழுந்தது. நீ கடைசி வரை பூண்டுதான் பிடுங்கினாய்.

போன ஐப்பசியில் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று மாரியாயி சொன்னாள். நான் பஸ் ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது.

இந்த வருஷமும் ஆர்டர் வந்தது. நேற்று மாரியாயியைக் கட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ ஒண்ணு எடும்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். ஏரிக்கு வந்து நின்றாள். அரை மணி கழித்து நான் விறைத்துப்போய் ஏறியபோது, படகுக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். பழைய குத்தகைக்காரரும் இருந்தார். இப்போது அவர் கைத்தடியோடு நடக்கிறார். ஈர வேட்டியோடு அங்கேயே நின்று, உன் பேரைச் சொல்லி, இந்த மடலின் முதல் பத்தியில் இருப்பதைச் சொன்னேன்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. குத்தகைக்காரர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "அவன வெரட்டுனது நான்ல பாய்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியில் மாரியாயி சொன்னாள்: "அன்னைக்கு வாயத் தைக்கயிலயே கைக்குக் கனம் தெரிஞ்சுது முதலாளி. வேலை போன அண்ணனே சொல்லலேன்னுதான் நானும் சொல்லல." இத்தனை வருஷம் அவள் என் கடையில், என் எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

நான் போன பிறகு கடை என் மகனுக்குத்தான். அவனிடமும் நேற்றே சொல்லிவிட்டேன். உன் இடத்தில் இனி மாரியாயி; மாற்றம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பூம்பாறையில் பேசியபடியே: ஆர்டருக்கு ஒரு ஜாக்கெட், எடுப்பது உங்கள் ஆள், எடுக்கும்வரை கட்டைத் தொடக்கூட எனக்கு உரிமையில்லை, போடுவது கடையின் முதலாளி, ஆள் மாற்றக் கூடாது, தண்ணீரில் அரை மணி நேரம், கையைக் காலை ஆட்டாமல், கரையில் உங்கள் ஆள் ஒருவர், கை தட்டாமல்.